மூட்டையை இறக்கியாயிற்று, பெரியவனே

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம், என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. அங்கே நீயும் உன் கை, கால், வயிறு ஒன்று விடாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். மணிக்கட்டு காரணமாக இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும், சொந்தச் சரக்கு ஒரு வரியும் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், வாலு. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்துவிட்டது, அதைச் சரிசெய்கிற செலவு வரிசையில் கடைசியில் நிற்கிறது. அதனால் எழுதி முடித்ததும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இந்த அடைப்புக்குறி வளைவு வருகிற இடங்களில் வேகமாகத் திரும்பிவிடுவேன்.) தாள் ஒன்று, பக்கம் இரண்டு, ஸ்டாம்ப் ஒன்று என்பது உன் அப்பாவின் உத்தரவு. அதனால் எழுத்து பொடியாக இருக்கும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் பகலில் ஜன்னல் பக்கமாக வைத்துப் படி.

ஃபோன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனை நிறுத்திவிட்டோம். பயப்படாதே, பணம் கட்டவில்லை என்று அவர்களாக நிறுத்தவில்லை, நாங்களாகத்தான் நிறுத்தச் சொன்னோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உன் மாமா கேட்டார். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லவும் ஃபோன் இல்லை. நடுவில் உனக்கு அப்பா போட்ட இரண்டு தபால் அட்டைகளிலும் 'அனைவரும் நலம், விவரம் பின்னர்' என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்து நீ மிரண்டுபோய்ப் பதில் போட்டிருந்தாய். அவர் மேல் தப்பில்லை. லிஃப்டைச் சோதித்துவிட்டு அறிக்கை எழுதி எழுதி அவருக்கு அதுவே கை வந்துவிட்டது. பின்னர் என்று அவர் எழுதின அந்த விவரத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் சின்னவன். பள்ளி விட்டதும் அவன் நேரே கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவின் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான், எங்கள் இருவரில் யார் முதலில் வருகிறோமோ அவர்கள் மேலே கூட்டிக்கொண்டு வருவோம் என்பது உனக்குத் தெரியும். உன் தங்கையின் பள்ளி தூரம், அவள் வந்து சேருவதும் எங்களோடுதான். நீ வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தவன் கோட்டில் வைக்கிற பெரிய பட்டன் ஒன்றை விழுங்கிவிட்டான். ஏன்டா விழுங்கினாய் என்று கேட்டதற்கு, சும்மாதான் இருந்தேன் என்றான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தானாக வெளியே வரும், காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம், வந்தது. தையல்காரம்மா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து தெரு முழுக்க அவன் பெயர் பட்டன், பள்ளியில் வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாராம். (பட்டன் என்னவோ அவன்தான். பட்டவள் தையல்காரம்மா.) அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, நான் ஊசியப் பாப்பேனா, உங்க பிள்ளையப் பாப்பேனா. பட்டன் தானா வந்துடுச்சு, ஊசி அப்படி வருமா" என்றாள். இந்த வருஷம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன், அதற்குள் ஒரு வழி பண்ணிக்கொள்ளுங்கள் என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அன்றைக்கே சாப்பிட உட்கார்ந்தபோது பேசி முடிவு பண்ணினோம், எங்கள் இருவரில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது என்று.

யார் என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என் சம்பளம் அப்பாவுடையதைவிடக் கொஞ்சம் கூட. தவிர, லிஃப்ட் நின்றுபோனால் நேரங்காலம் பார்க்காமல் அவரைக் கூப்பிடுவார்கள். அழுக்குத் துணி யாரையும் நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிடாது, விடிகிற வரைக்கும் பொறுமையாக மூட்டையில் கிடக்கும். ஆக, அப்பா வீட்டில் இருப்பது, நான் வேலைக்குப் போவது. இதைக் கேட்டுவிட்டு உன் மாமா, "ஆம்பளை வீட்ல உக்காந்துகிட்டு என்னம்மா பண்ணுவாரு" என்றார். உட்கார வேண்டாம் அண்ணா, நிற்கட்டும், வீட்டில் நிற்கிற வேலைதான் நிறைய இருக்கிறது என்றேன். உன் அப்பாவோ சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விடுகிறேன், ஆனால் சோதித்துப் பார்க்காமல் விட மாட்டேன் என்றார்.

அவர் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான். புதிதாக ஒரு லிஃப்டைப் பூட்டி முடித்ததும் முதலில் ஆளை ஏற்ற மாட்டார்கள், மணல் மூட்டையைத்தான் ஏற்றுவார்கள். எட்டுப் பேருக்கான லிஃப்ட் என்றால் எட்டுப் பேர் கனத்துக்கு மூட்டை. மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததாகப் பத்துப் பேர் கனத்துக்கு ஏற்றி, கயிறு தாங்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவார். என்னோடு முதல்முதலாகச் சினிமாவுக்கு வந்தபோதே நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்த மனுஷன். அதே மாதிரி வீட்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். அவர் சம்பளத்தைத் தொடாமல் அப்படியே பேங்கில் விட்டுவிட்டு, என் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடுகிறதா என்று பார்ப்பது, ஓடினால் அவர் வேலையை விடுவது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. (அப்பாவுக்குச் சோதனை என்றால் வேலை. நமக்குச் சோதனை என்றால் சோதனைதான்.)

முதல் சுற்றில் போனது டிவி. இரண்டு நாள் எல்லோரும் பழக்கதோஷத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், மூன்றாம் நாள் அதில் எங்கள் முகம் தெரிவது பிடிக்காமல் எழுந்துவிட்டோம். பேப்பரை நிறுத்தினோம். எதிர்வீட்டு ரிட்டயரான வாத்தியார் தான் படித்து முடித்ததும் தருகிறேன் என்றார். அவர் நிறுத்தி நிதானமாகப் படிக்கிறவர், அதனால் எங்களுக்கு உலகம் ஒரு வாரம் தள்ளித்தான் நடக்கிறது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முடி வெட்டுகிற வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார், பட்டனுக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்து வெட்டினார். (மட்டமாகத்தான் வந்தது. நீ எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரி. என் தலையில் கை வைக்க வந்தார், நான் ஓடிவிட்டேன். சிக்கனம் உள்ளே வந்த அன்றைக்கே சிக்கன் வெளியே போய்விட்டது, கூடவே என் கைச்செலவுப் பணமும். செலவைக் குறை என்றால் என் குறைகளை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள்.) சாயங்காலம் வீட்டுக்கு ஒரே விளக்கு, ஒரே மேசை. அப்பா அறிக்கை எழுதுவார், நான் கிழிந்ததைத் தைப்பேன், பட்டன் மேசைக்கு அடியில் இருப்பான், உன் தங்கை பாடம் படிப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் படிக்கிற லட்சணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு நானும் அப்பாவும் வேலைக்கு நடந்தே போய் வந்தோம். நடை உடம்புக்கு நல்லது என்றார். நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வர நேரமாகும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நாங்கள் வருகிற வரைக்கும் பட்டன் கீழே தையல்காரம்மாவோடுதான் இருந்தான், முன்னைவிட அதிக நேரம். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

ஆக, வீடு ஓடியது. ஒரு குறையுமில்லாமல் ஓடியது என்று சொல்ல மாட்டேன், முனகிக்கொண்டே ஓடியது. ஆனால் ஓடியது. சரி, நாளைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அதற்கு அவர், "இது எட்டுப் பேர் கனம்தான். இன்னும் பத்துப் பேர் கனம் பாக்கலையே" என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டது என் தப்பு. இரண்டாம் சுற்றில் என் சம்பளத்திலேயே கால் பங்கைத் தொடக்கூடாது என்று எடுத்து வைத்தார். இப்போதுதான் ஃபோன் போனது, வெந்நீர் போனது, துணி துவைக்கிற மெஷின் போனது. மெஷினை விற்கவில்லை, மேலே ஒரு துணியைப் போர்த்தி வைத்தார், எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. பெரிய பெரிய மெஷின்கள் நாள் முழுக்கச் சுற்றுகிற இடத்தில் மேற்பார்வை பார்த்துவிட்டு வந்து, வீட்டில் வாளியில் கையால் பிழிந்தேன். நம் துணியை அங்கே கொண்டுபோய்ப் போடலாமே என்று உன் தங்கை கேட்டாள். ஆஸ்பத்திரி மெஷின் ஆஸ்பத்திரித் துணிக்கு என்று சொல்லி அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டேன். அதையும் தாங்கினோம். உடனே அவருக்கு, திடீரென்று ஆள் கூடினால் என்ன ஆகும் என்று சந்தேகம் வந்துவிட்டது. நேரே போய் உன் மாமாவைக் குடும்பத்தோடு அழைத்து வந்து தங்க வைத்தார். மாமாவுக்கு ஏக சந்தோஷம், இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை வாய் விட்டு அழைத்தது இதுதான் முதல் தடவை என்று மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்புகிற அன்றைக்குத்தான் உன் தங்கை அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "என்ன மாப்ளே, என்னைய மூட்டைக்குப் பதிலாவா கூப்ட்டீங்க" என்று கேட்டார். உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "நல்ல கனம்" என்றார். (மாமா இப்போது ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறாராம். அங்கேயும் செலவு மிச்சம்.)

அதற்குப் பிறகும் அவர் போய்ச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றார். பட்டனுக்குக் காய்ச்சல் வந்தது, அதையும் ஒரு கனமாகச் சேர்த்துக்கொண்டார். எதிர்பாராத செலவு எதுவும் வரவில்லையே, அது வந்தால் எப்படி என்று பார்க்க வேண்டாமா என்றார். எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது எப்படி எதிர்பாராத செலவாகும் என்று கேட்டேன். (ஒத்திகை, ஒத்திகை என்று சொல்லி ஒத்திப்போட்டுக்கொண்டே போனார். இதை நான் அப்போதே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், சிரிக்கவில்லை.) அவருக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து ஒரு மாதம்கூடச் சம்பளம் இல்லாமல் இருந்ததில்லை. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் எனக்கும்தான் என்று சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் பயந்துகொண்டே விட்டிருக்கலாம். அவர் அதைச் சொல்லத் தெரியாமல் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்தார். வருஷமோ முடியப் போகிறது. தையல்காரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்காமல் ஊசிப் பெட்டியை மூடி வைப்பாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்தச் சமயத்தில்தான் மணிக்கட்டு. எனக்கு லீவு நாள். உன் தங்கைக்கும் பள்ளி இல்லை, பட்டனுக்கு மட்டும் பள்ளி, விட்டதும் பழக்கத்தில் கீழே கடைக்குத்தான் போவான், அப்பா வேலைக்குப் போயிருந்தார். கனத்த போர்வை இரண்டையும் ஊறவைத்துப் பிழிந்தேன். இரண்டாவதை முறுக்கும்போது கையில் சுருக்கென்று ஏதோ விட்டுப்போனது. ஒன்றுமில்லை என்று எண்ணெய் தடவினேன். கொஞ்ச நேரத்தில் வளையலைக் கழற்ற முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. உன் தங்கை என்னை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே நான் நோயாளியாக வரிசையில் நின்றேன், எல்லோரும் வந்து விசாரித்தார்கள், எதில் அடிபட்டது என்றால் போர்வையில் என்று சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் சலவைப் பிரிவு மேற்பார்வைக்காரி நான். எலும்பு முறியவில்லை, தசைநார் இழுத்துக்கொண்டிருக்கிறது, கட்டுப் போட்டு ஒன்றரை மாதம் கையை அசைக்கக்கூடாது என்றார்கள். அதற்குள் வீட்டில் என்ன நடந்தது என்றால், அன்றைக்கு அலுவலக வேலைதான் என்று அப்பா வீட்டிலேயே விட்டுப்போன பையிலிருந்த பழைய போர்டை, கிளம்பும்போது உன் தங்கை எடுத்து நம் வாசல் கதவில் மாட்டிவிட்டு வந்திருக்கிறாள். லிஃப்டுக்குள் மூட்டை இருக்கும்போது அவர் கதவில் மாட்டுவாரே, அதே போர்டு. 'சோதனை நடக்கிறது. உள்ளே நுழையாதீர்கள்.' (கை வீங்கிப்போய் நிற்கும்போதும் அம்மா ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றாள். அப்பா அலுவலகத்தில் இருக்கிறார், ஃபோன் இல்லை. வேறு எங்கே எழுதி ஒட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா பார்த்துவிட்டு ஒரு தரம் முறைப்பார் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.)

உன் அப்பா முறைக்கவில்லை. அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாராம். கீழே பட்டனைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தவர் கதவில் போர்டைப் பார்த்தார். கையில் சாவி இருக்கிறது. ஆனால் மாட்டினவர்தான் கழற்ற வேண்டும், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் சட்டம், தன் கீழே வேலை பார்க்கிற பையன்களை அதற்காக அவர் திட்டாத திட்டில்லை. அதனால் உள்ளே போகாமல் பட்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு வாத்தியார் எட்டிப் பார்த்து, என்ன சார், சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இல்லை, உள்ளே சோதனை நடக்கிறது என்றாராம். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டுப் போய் எங்களுக்காகப் பேப்பர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், போன வாரத்துப் பேப்பர். ஏன் இப்படிச் செய்தீர்கள், வாலு வேலை என்று தெரியாதா என்று பிறகு கேட்டேன். "தெரியும். வெளாட்டுக்குன்னும் தெரியும். வெளாட்டுன்னு நெனச்சு உள்ள போன ரெண்டு பேரை எனக்குத் தெரியும், அதுல ஒருத்தன் இப்ப கைத்தடி வெச்சுக்கிட்டு நடக்கிறான்" என்றார்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. மாடிப்படியில் கீழிருந்து மேலே வரைக்கும் பட்டன்கள். ஒன்றின் மேல் கால் வைத்து வழுக்கப் பார்த்தேன். பட்டனின் சட்டைப்பை நிறையத் தையல்காரம்மா கொடுத்த ஜோடி இல்லாத பட்டன்கள், இரண்டு பேரும் மேல் படியிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு எது எந்தப் படி வரைக்கும் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தோற்றுக்கொண்டிருந்தார். வேண்டுமென்று தோற்கவில்லை, உண்மையிலேயே தோற்றுக்கொண்டிருந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உன் தங்கை ஒன்றும் தெரியாதவள் போல நேரே போய்ப் போர்டைக் கழற்றக் கை வைத்தாள். அப்போது பட்டன், "எடுக்காதக்கா" என்றான். ஏன்டா என்று கேட்டாள். "எடுத்தா அப்பா போயிடுவாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான், சொல்லிவிட்டு அடுத்த பட்டனை உருட்டினான். அது ஒவ்வொரு படியாக டக் டக்கென்று இறங்கிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

உன் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்புறம் என் கைக் கட்டைப் பார்த்தார். எப்போது என்று கேட்டார். காலையில் என்றேன். எதில் என்றார். போர்வையில் என்றேன். கயிற்றில் ஒரு இழை விட்டிருந்தாலே அந்த லிஃப்டை அன்றைக்கே மூடிவிடுகிற மனுஷன் அவர், வேறு யார் வந்து என்ன சொன்னாலும் திறக்க மாட்டார். இந்த வீட்டில் இனிமேல் எல்லோரும் தொங்கப்போவது என் சம்பளத்தில், என் கையில். நான் அவரைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பத்துப் பேர் கனத்தை ஒரு தரம் ஏத்திப் பாத்துட்டு உடனே எறக்கிடுவீங்களா, இல்ல மூட்டை உள்ள கெடக்கட்டும்னு விட்டுட்டு வந்துடுவீங்களா" என்று கேட்டேன். அவர் உருட்ட வைத்திருந்த பட்டனைக் கீழே வைத்தார். "எறக்கிடுவோம். விட்டு வெச்சா நல்ல கயிறும் கெட்டுடும்" என்றார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வாலு, போர்டை எடு. சோதனை முடிஞ்சுது" என்றார். உள்ளே போனதும் முதல் வேலையாக மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். எடுத்த கையோடு அந்தத் துணியையும் மீதிப் போர்வையையும் மெஷினுக்குள்ளேயே போட்டு ஓட்டினார். பஸ் பாஸையும் திரும்ப எடுத்துவிடுங்கள் என்றேன். "உனக்கு எடுக்கிறேன். எனக்கு எதுக்கு, நான்தான் எங்கயும் போகப் போறதில்லையே" என்றார். சொல்லிவிட்டு மெஷின் மூடியைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

மறுநாளே போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். வேறு கம்பெனியில் சம்பளம் கூடுதலாகத் தருகிறார்களா என்று மேனேஜர் கேட்டாராம், இல்லை, அங்கே ஒன்றுமே தர மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் எதற்குப் போகிறீர்கள் என்றதற்கு, எங்கள் வீட்டில் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கிறது என்றாராம். ஒரு மாதம் இருந்து கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள், போன வெள்ளிக்கிழமையோடு அது முடிந்தது. கூட வேலை பார்த்தவர்கள் நினைவாக ஏதாவது வாங்கித் தருகிறோம் என்றதற்கு, ஒன்றும் வேண்டாம், அந்தப் பழைய போர்டு மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிவந்திருக்கிறார். (இப்போது அது சமையலறைக் கதவில் தொங்குகிறது. அங்கே அது எச்சரிக்கைதான், அலங்காரம் இல்லை. முதல் நாள் அப்பா செய்த சூப்பை நான் சோதித்துப் பார்த்தேன். மணல் மூட்டைக்குக் கொடுத்திருந்தால் அதுவே இறங்கி ஓடியிருக்கும்.) திங்கட்கிழமை மதியம் பட்டன் பள்ளி விட்டு வந்து பழக்கத்தில் தையல் கடைக்குள் நுழைந்திருக்கிறான். தையல்காரம்மா, "இங்க என்னடா வேலை, போ மேல" என்று விரட்டிவிட்டாளாம். விரட்டிவிட்டு, படியில் ஏறுகிறானா என்று கடைக்கு வெளியே வந்து நின்று பார்த்தாளாம். மேலே வந்து கதவைத் தட்டினான், அப்பா திறந்தார். "உங்களுக்கு வேலை போயிடுச்சாப்பா" என்று கேட்டிருக்கிறான். "இல்லடா, நான்தான் போகச் சொன்னேன்" என்றாராம். இதெல்லாம் உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும், அன்றைக்கு அவளுக்குத் தலைவலி, பள்ளிக்குப் போகவில்லை. (தலை வலிக்கவில்லை. இதைப் பார்க்காமல் போயிருந்தால் வலித்திருக்கும்.)

இப்போது உன் விஷயம். போன வாரம் உன் கடிதமும், கூடவே நீ அனுப்பின பணமும் வந்தது. வீட்டுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டதாகவும், அறையில் ஹீட்டர் போடாமல் கோட்டை மாட்டிக்கொண்டே படுக்கிறதாகவும், எல்லாம் பழகிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு தரம் படித்தார், படித்துவிட்டு, "அப்படியே என் பிள்ளை" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. உன்னிடம் யாரும் கேட்கவில்லையே, நீயாகத்தானே இத்தனை மூட்டையை ஏற்றிக்கொண்டாய். அது எத்தனை நாளாக உள்ளே கிடக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது, இங்கேயாவது நான் பக்கத்தில் இருந்தேன், கேட்டேன். அங்கே உன் மாடிப்படியில் யார் இருக்கிறார்கள். (அம்மா இந்த இடத்தில் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.) சரி, எழுது. நீ அனுப்பினதை அப்பா தொடவில்லை, உன் பெயரிலேயே பேங்கில் போட்டுவிட்டார். அடுத்த மாதமும் அனுப்பினால் அதுவும் அங்கேதான் போகும், அதனால் அனுப்பி ஒரு லாபமும் இல்லை. இந்த வீடு என் சம்பளத்தில் ஓடும், பத்துப் பேர் கனத்துக்கு ஓட்டிப் பார்த்த வீடு, போதாததற்கு உன் மாமாவையும் ஏற்றிப் பார்த்தாயிற்று. உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. உன் அப்பாவுக்குத்தான் அது எழுத வராது, உனக்குமா.

மத்தியானம் சாப்பிடு. வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் சாப்பிடப் போகும்போது நீயும் எழுந்து போ, பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. அறையில் ஹீட்டரைப் போடு, கோட்டு வெளியில் போவதற்கு. கோட்டில் பட்டன் ஏதாவது அறுந்திருந்தால் சொல், பட்டனிடம் நிறைய இருக்கிறது. முடியை மட்டும் கடையில் கொடுத்து வெட்டிக்கொள், லீவில் வரும்போது அப்பா கையில் ரசமட்டத்தோடு காத்திருப்பார். ஃபோன் அடுத்த மாதம் திரும்ப வருகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுவோம், அதுவரைக்கும் ஒரு வரியாவது எழுது. 'நலம், விவரம் பின்னர்' என்று மட்டும் எழுதாதே.

வயிறும் மனசும் நிறைந்து, நல்லவர்கள் நடுவில், நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் உன்னை நினைக்காத நாளில்லை, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், மத்தியானச் சாப்பாடு.

இப்படிக்கு,
உன் அம்மா
(வலது கை: வாலு)

(அண்ணா, உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. படித்துக் காட்டினேன், ஒரு வளைவிலும் மாட்டவில்லை. முடித்ததும் அம்மா, "இவ்ளோதான் நான் சொன்னேனா, தாள் நெறைய இருக்கே" என்று மட்டும் கேட்டாள். எவ்வளவு பொடியாக எழுதியும் தாள் மூன்றாகிவிட்டது, இதைப் பார்த்தால் அப்பா என்ன சொல்வாரோ என்று மடித்து மடித்துப் பார்த்தேன், மெலியவில்லை. அப்பா வந்து என் கையிலிருந்து உறையை வாங்கி, உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். நான் ஒரு தாளை வெளியே எடுக்கப் போனேன். "இருக்கட்டும். ரெண்டு ஸ்டாம்ப் ஒட்டு" என்றார்.)